எம்.எல்.ஏ.வுக்கு நான் எழுதிக் கொடுத்த சான்று

செக்‌ஷன் ஆபீசில் மின்சார வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். புயலில் சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தியது, கொட்டும் மழையில் ஏறி ஃப்யூஸ் போட்டது போன்ற வீரக்கதைகள் வேண்டுமென்றால் கேன்டீனில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும். அதில் பாதி நடந்தும் இருக்கும். நான் சொல்லப்போவது ஒரு கம்பத்திலும் ஏறாமல், வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டு, சாப்பாட்டு வாசனையில் மயங்கி நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. பெயர் கெட்டதும் அதில்தான், கொஞ்சம் புத்தி வந்ததும் அதில்தான். அதனால் அந்தத் தப்பின்மேல் எனக்கு இன்றுவரை கோபமே வந்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. காரமடைக்குக் கிழக்கே ஒரு செக்‌ஷனில் சூப்பர்வைசர். குந்தா மலையிலிருந்து கரண்டு இறங்கி வர ஆரம்பித்திருந்த காலம். அதுவரை மாடு பூட்டிக் கவலையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கிணற்றுக்கு மோட்டார் வைக்க ஆசைப்பட்டார்கள். கோடையில் மலையில் தண்ணீர் குறைந்தால் மில்லுக்கும் கரண்டு வெட்டு, தோட்டத்துக்கும் வெட்டு. வெட்டு வந்த மறுநாள் பாதி ஊர் எங்கள் ஆபீஸ் வாசலில் நிற்கும்.

இணைப்புக் கொடுப்பதில் அப்போது ஒரு நடைமுறை இருந்தது. டிரான்ஸ்பார்மர் தாங்கும் அளவைப் பார்த்துத்தான் இணைப்பு. மூன்று எச்.பி. மோட்டார் என்றால் எப்படியாவது இடுக்கில் நுழைத்துக் கொடுத்துவிடுவோம். ஐந்து எச்.பி. என்றால் வரிசையில் நிற்க வேண்டும். எத்தனை எச்.பி. என்பதை மோட்டாரின்மேல் அறைந்திருக்கும் தகட்டைப் பார்த்து எழுதிக்கொள்வோம். தகட்டில் இருப்பது வேதவாக்கு.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பம்தான். நெட்டையான மனிதர், நடந்து வந்தால் குடை முதலில் தெரியும். மற்ற அரசியல்காரர்கள் எங்கள் ஆபீசுக்கு வந்தால் யாருக்காவது இணைப்புக் கேட்டு வருவார்கள். இவர் கேள்வி கேட்க வந்தார். முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“ஏனுங்க, ஒரு யூனிட் கரண்டுல நம்ம கெணத்துல எத்தனை தண்ணி மேல ஏறுதுங்க?”

நான் விழித்தேன். எத்தனை இணைப்பு, எத்தனை கம்பம் என்று கேட்டால் சொல்லுவேன். இதை எங்கள் மேலதிகாரிகள்கூட யாரும் கேட்டதில்லை. “பாத்துச் சொல்றேனுங்க” என்றேன்.

“பாருங்க. அணை கட்டறது ஒரு பக்கம் நடக்கட்டும். வர்ற கரண்ட வெச்சு எவன் அதிகமா வேலை வாங்கறானோ அவன்தானுங்க முன்னால போவான். ஜப்பான்காரன் மண்ணுக்கடியில என்ன கரி கொட்டியா கெடக்குது? இருக்கறத வீணாக்காம ஓட்டறான், அவ்வளவுதான்.”

அப்புறம் அடிக்கடி வருவார். அந்த மனிதருக்கு நாட்டின் பொருளாதாரம் என்பது பெரிய புத்தகத்தில் இருக்கும் விஷயம் அல்ல. கிணற்று மேட்டில் இருக்கும் விஷயம். வெளிநாட்டு மோட்டாரை உள்ளே விடக்கூடாது என்று கோயமுத்தூர்ப் பட்டறைக்காரர்கள் மனுக் கொடுத்தபோது அவரும் கையெழுத்துப் போட்டார். ஆனால் என்னிடம் வந்து சொன்னது வேறு.

“கதவச் சாத்தறது கொஞ்ச நாளைக்குச் சரிங்க. கொழந்தைக்கு நடவண்டி குடுக்கற மாதிரி. இருவது வயசுலயும் நடவண்டிய உருட்டீட்டுத் திரிஞ்சா எவனாவது பொண்ணு குடுப்பானுங்களா? நம்ம மோட்டாரு வெளியூர்க்காரன் மோட்டாரோட ஒண்ணா நின்னு செயிக்கோணும்.”

எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று. அவருடைய கட்சிக்காரர்களுக்கு அது கொட்டாவி. அவர்கள் வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஆண்டு கோயமுத்தூரில் ஒரு தொழில் கண்காட்சி ஏற்பாடாயிற்று. அதைப் பார்க்க டெல்லியிலிருந்து அதிகாரிகள் வரப்போவதாகச் செய்தி. செம்புக் கம்பிக்கு அப்போது கடும் தட்டுப்பாடு. மோட்டார் சுற்ற செம்புக் கம்பி வேண்டும், அதை அரசாங்கம் ஒதுக்கித்தான் தர வேண்டும். உள்ளூர்ப் பட்டறைகளுக்குத் தொடர்ந்து கம்பி ஒதுக்குவதா, இல்லை வெளிநாட்டு மோட்டாரையே வரவழைத்துக்கொள்வதா என்று அந்த அதிகாரிகள் பார்த்து முடிவு செய்வதாக இருந்தது. எம்.எல்.ஏ. அங்கே பேச வேண்டும். சும்மா பேச மாட்டார், கையில் அத்தாட்சி வேண்டும் அவருக்கு.

“வெளிநாட்டு மூணு எச்.பி. பம்புசெட்டு ஒண்ணு, நம்ம மூணு எச்.பி. செட்டு ஒண்ணு. ஒரே கெணத்துல வெச்சு ஓட்டிப் பாத்து எழுதிக் குடுங்க. பட்டறைக்காரன் சொன்னா நம்ப மாட்டாங்க. இலாகாக்காரர் கையெழுத்துன்னா தனி மதிப்புங்க” என்றார்.

உள்ளூர் செட்டைச் செய்தவர் வெங்கிடசாமி. கோயமுத்தூர் கணபதியில் பட்டறை. பதினோரு பேர் வேலை செய்தார்கள். வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்களைவிட நல்ல கொங்குத் தமிழ். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதிக்குமேல் அவருடைய மோட்டார்தான் ஓடியது. கம்பி கிடைக்காமல் அவர் பட்டறை அப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை ஒதுக்கீடு வராவிட்டால் மூடிவிட வேண்டியதுதான் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

சோதனை ஒரு தோட்டத்தில் நடந்தது. இரண்டு செட்டையும் மாற்றி மாற்றி வைத்து, ஒரே தொட்டி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று கடிகாரத்தில் பார்த்தேன். வெங்கிடசாமியின் செட் வெளிநாட்டு செட்டை அநியாயத்துக்குத் தோற்கடித்தது. தண்ணீர் வந்து விழுந்த வேகத்தில் கூடி நின்றவர்கள் விசில் அடித்தார்கள். நானும் கிட்டத்தட்ட அடித்துவிட்டேன்.

நம்ம செட் பார்வைக்குக் கொஞ்சம் பருத்துத்தான் இருந்தது. நம்ம ஆட்கள் இரும்பைத் தாராளமாக ஊற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கம்பியைக் கவ்விப் பிடித்து எவ்வளவு கரண்டு போகிறது என்று காட்டும் டாங் டெஸ்டர் என் பையிலேயே இருந்தது. எடுத்து ஒரு நிமிடம் வைத்திருந்தால் போதும். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக்காரர் வீட்டில் இலை போட்டுவிட்டார்கள். சுடச்சுட அரிசிம்பருப்பு சாதம், மேலே கைநிறைய நெய். தகட்டில்தான் மூன்று என்று இருக்கிறதே என்று கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சான்றிதழின் ஓரத்தில் நெய்க்கறைகூடப் பட்டது.

எம்.எல்.ஏ. அதை வாங்கிப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாட்டை முன்னேற்றுவதில் நானும் ஒரு கை கொடுத்துவிட்டதாக நினைத்து, அன்று சாயங்காலம் சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் மத்தியானம் ஒரு ஊரில் டிரான்ஸ்பார்மர் ஃப்யூஸ் போய்விட்டதாக ஆள் வந்தது. அந்த ஊரில் அது வாடிக்கை. லைன்மேன் மாரப்பனோடு போனேன். மாரப்பன் ஃப்யூஸ் கட்டிக்கொண்டே முணுமுணுத்தார்.

“இந்த ஊருக்கு மட்டும் என்னமோ சாபமுங்க. கட்டறேன், போகுது. கட்டறேன், போகுது.”

பதிவேட்டில் அந்த டிரான்ஸ்பார்மரில் இருந்த மோட்டார்களைக் கூட்டிப் பார்த்தேன். தாங்கும் அளவுக்கு வெகுவாகக் கீழேதான் இருந்தது. எங்கேயோ கம்பி உரசுகிறது என்று நினைத்து, டாங் டெஸ்டரை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போனேன். அது ராமாத்தாள் என்ற அம்மாவின் தோட்டம். கணவர் இல்லை, தனியாகவே பண்ணையம் பார்த்தார். வெங்கிடசாமி மோட்டார். தகட்டில் மூன்று எச்.பி. ஓடவிட்டு டெஸ்டரை வைத்தேன். முள் மூன்றுக்கு உரிய இடத்தைத் தாண்டி ஓடி, ஐந்துக்கு உரிய இடத்தில் போய் நின்றது. டெஸ்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தட்டிப் பார்த்தேன்.

ராமாத்தாள் களத்தில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஏந்தம்பி அதப் போட்டுத் தட்டறீங்க?”

“மூணு எச்.பி.க்கு இத்தனை கரண்டு இழுக்காதுங்கம்மா. என்னமோ கோளாறு.”

“கோளாறு ஒண்ணுமில்லீங் தம்பி. அது அஞ்சுதானுங்களே. தகடுதான் மூணு.”

எனக்கு முதலில் புரியவில்லை. அந்த அம்மா சோளத்தைக் கையால் பரப்பியபடியே சொன்னார்.

“அஞ்சுன்னா உங்க ஆபீசுல வருசக்கணக்கா நிக்கோணுமாமுங்க. அதனால மூணுன்னு அடிச்சே வாங்கீட்டு வந்துட்டோம். எல்லா ஊட்லயும் அப்படித்தானுங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

தெரியாது. மாரப்பனைப் பார்த்தேன். மாரப்பன் கம்பத்தைப் பார்த்தார். அடுத்த தோட்டத்துக்குப் போனேன், அதற்கடுத்த தோட்டத்துக்கும் போனேன். தகடெல்லாம் மூன்று, முள்ளெல்லாம் ஐந்து. ஊருக்கே தெரிந்திருந்தது, மின்சார இலாகாவுக்கு மட்டும் தெரியவில்லை. என் கையெழுத்துப் போட்ட காகிதம் எம்.எல்.ஏ. பையில் இருப்பது அப்போதுதான் உறைத்தது. அவர் நாளைக்கு டெல்லிக்காரர்கள் முன்னால் ஐந்தை மூன்று என்று சொல்லி, மூன்றைத் தோற்கடித்துவிட்டதாகப் பெருமை பேசப்போகிறார். 

நேராகப் பஸ் ஏறிக் கணபதிக்குப் போனேன். வெங்கிடசாமி என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்தச் சொல்லி, என்னை வெளியே அழைத்துப் போனார்.

“கேக்கறாங்க, அடிச்சுக் குடுக்கறேனுங்க. நான் மாட்டேன்னா அடுத்த பட்டறைக்குப் போறாங்க. அவன் அடிச்சுக் குடுக்கறான். நான் என்னங்க பண்ணட்டும்?”

“தோட்டத்துக்குக் குடுத்தது சரிங்க. சோதனைக்கும் அதையே ஏனுங்க கொண்டாந்தீங்க?”

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். “நெசமான மூணு நான் செஞ்சே பல வருசமாச்சுங்க. பட்டறையில இருந்ததே அதுதான். நீங்க கரண்டு பாப்பீங்க, பாத்தா சொல்லிப்போடலாம்னுதான் நின்னேன். நீங்க பாக்காம சாப்பிடப் போயிட்டீங்க.”

அது சுருக்கென்று பட்டது. நியாயமாகப் பட்டதால் இன்னும் சுருக்கென்றது.

அப்புறம் அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்க. உள்ள இருக்கற பதினோரு பேரும் கல்யாணம் காச்சின்னு ஆனவங்க. கம்பி மட்டும் வந்துட்டா, அடுத்த மாசத்துலருந்து அஞ்ச அஞ்சுன்னே அடிக்கறேன். சத்தியமாச் சொல்றேனுங்க. இப்பச் சொன்னீங்கன்னா இதத் தூக்கி மூடீட்டு நான் எங்க போவேன்?”

நான் கையை விடுவித்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அலைந்த களைப்பில் அடித்துப்போட்டாற்போலத் தூங்கினேன். பயம் காலையில் பல் தேய்க்கும்போதுதான் வந்தது. வாயை மூடிக்கொண்டால் பட்டறை பிழைக்கும், என் வேலையும் பிழைக்கும். சொன்னால் இரண்டும் போகலாம். ஆனால் டெல்லிக்காரர் கையிலும் ஒரு டாங் டெஸ்டர் இருக்கலாமே என்று தோன்றியது. அப்படி இருந்துவிட்டால் மேடையில் நிற்கும் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கப் பொய்யர். அவர் என்னை நம்பித்தான் பேசப்போகிறார். எனக்கு நேர்மைதான் முதலில் வந்தது என்று சொல்ல மாட்டேன். அவரை அப்படி மாட்டிவிட மனசு வரவில்லை, அதுதான் உண்மை.

கண்காட்சித் திடலில் கொட்டகைக்குப் பின்னால் எம்.எல்.ஏ. டீ குடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் நான்கே வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்மேல் கோபம் என்று நினைத்தேன். பையிலிருந்து என் சான்றை எடுத்துக் காட்டினார்.

“இது உங்க கையெழுத்துதானுங்களே?”

“ஆமாங்க.”

“தப்புன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

அங்கே கிடந்த கண்காட்சி நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டார்.

“சரிங்க. அது அஞ்சுதான். அஞ்சுன்னே வெச்சுக்கிட்டா, நம்மது எப்படீங்க? இழுக்கற கரண்டுக்குத் தக்கன தண்ணி எடுக்குதுங்களா, இல்லீங்களா?”

“தெரியலீங்க. நான் அதப் பாக்கவே இல்லீங்க.”

“அப்ப பாத்துச் சொல்லுங்க. நேரம் இருக்குது.”

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒரு தப்புத் தெரிந்ததும் நாமெல்லாம் யார்மேல் போடலாம் என்று பார்ப்போம், இல்லாவிட்டால் அழுவோம். அந்த மனிதர் அப்போதும் கேள்விதான் கேட்டார். அதே இரண்டு செட்டையும் கண்காட்சியில் தொட்டி கட்டி வைத்திருந்தார்கள். வெங்கிடசாமி பக்கத்தில் நின்றார். தானே சுவிட்சைப் போட்டுக் கொடுத்தார். எப்படி அளந்தேன் என்பது உங்களுக்கே தெரியும், விடுங்கள். மூன்று முறை அளந்தேன். ஒரே கரண்டுக்குத் தண்ணீர் என்று பார்த்தால் நம்ம செட் வெளிநாட்டு செட்டைவிடக் கொஞ்சம் பின்தங்கியிருந்தது. வெட்கப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் பின்தங்கியிருந்தது.

எம்.எல்.ஏ.விடம் அதைச் சொல்லி, அதே நோட்டீஸில் அளந்த கணக்கையும் எழுதிக் கொடுத்தேன். “அவ்வளவுதானா? நான் இன்னும் மோசமா இருக்கும்னு நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு மேடை ஏறினார்.

எழுதி வைத்திருந்த பேச்சை அவர் எடுக்கவே இல்லை. முன்வரிசையில் டெல்லி அதிகாரிகள், அவர்களுக்குப் பின்னால் மில் முதலாளிகள், பட்டறைக்காரர்கள், அதற்கும் பின்னால் தலைப்பாகை கட்டிய விவசாயிகள். முதலில் தமிழில் பேசினார், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதிகாரிகளுக்காக இங்கிலீஷிலும் சொன்னார்.

“என் தோட்டத்துல ரெண்டு மோட்டாரு ஓடுதுங்க. ரெண்டுலயும் மூணுன்னு தகடு. ரெண்டும் அஞ்சு. வாங்கும்போதே எனக்குத் தெரியும். நான் ஒருத்தன்தான் இப்படி, நாட்டுக்கு இதுல என்ன வந்துபோச்சுன்னு நெனச்சேன். எல்லாத் தோட்டத்துலயும் இப்படித்தான்னு இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுது.”

 டீ குடித்த இடத்தில் அவர் முகம் மாறியதற்கு என்ன காரணம் என்று எனக்கு அப்போது புரிந்தது. என்மேல் கோபம் இல்லை அது.

“குந்தாவுல இன்னும் எத்தனை மிஷின் வெக்கோணும், எத்தனை டிரான்ஸ்பார்மர் வேணும்னு எதை வெச்சுங்க முடிவு பண்றாங்க? நம்ம தகட்ட வெச்சுத்தான். நாம பொய் சொல்றோம். அந்தப் பொய்யக் கூட்டி அவங்க திட்டம் போடறாங்க. கரண்டு பத்தலைன்னு நாமளே போய்ச் சண்டையும் புடிக்கறோம்.”

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். “அப்ப எங்க கரண்ட வெட்டச் சொல்றீங்களா? அதுக்கா உங்களுக்கு ஓட்டுப் போட்டோம்?”

“மொதல்ல என்னோடத வெட்டட்டுங்க. அப்புறம் பேசிக்கலாம்” என்றார் எம்.எல்.ஏ. அதட்டாமல், வீட்டில் பேசுவது போலவே சொன்னார். “நம்ம மோட்டாரு வெளிநாட்டுக்காரன் மோட்டாருக்குக் கொஞ்சம் பின்னாலதான் இருக்குது. நான் செயிச்சுப்போட்டோம்னு பொய் சொல்லீருந்தா, அந்தக் கொஞ்சத்த எட்டிப் புடிக்கோணும்னு எவனுக்காவது தோணுமுங்களா? எத்தனை தூரம் பின்னால இருக்கறோம்னு இன்னிக்குத்தானுங்க நமக்கே தெரியும். கம்பி குடுங்க, எட்டிப் புடிக்கறோம். அதத்தான் நான் கேக்க வந்தேன்.”

கைதட்டல் பெரிதாக ஒன்றும் இல்லை. விவசாயிகளில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். டெல்லி அதிகாரிகளில் மூத்தவர் என்னைக் கூப்பிட்டு, என் இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்து, இதில் எது சரி என்று கேட்டார்.

“ரெண்டும் நான் எழுதியதுதான். ரெண்டாவதுதான் நான் அளந்து எழுதியது” என்றேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டையும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தபோது வெங்கிடசாமி தன் செட்டைத் தானே கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

அடுத்த சில வாரங்கள் என் வேலையில் நான் கண்ட மோசமான வாரங்கள். இலாகாவிலிருந்து விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. முதல் சான்று ஏன் தவறு என்ற கேள்விக்கு, சாப்பிடப் போய்விட்டேன் என்று எழுத முடியுமா? அளக்கத் தவறினேன் என்று எழுதினேன். எங்கள் அசிஸ்டென்ட் எஞ்சினியர் அதைப் படித்துவிட்டு, “முட்டாள்னு ஒத்துக்கிட்டே, பொய்யன் ஆகலே, தப்பிச்சே” என்றார். ஒரு கண்டனத்தோடு போயிற்று. எம்.எல்.ஏ. சொன்னபடியே தன் இணைப்பை வெட்டச் சொல்லி மனு அனுப்பினார். அவர் தோட்டத்து இரண்டு மோட்டாரையும் நானே போய்த் துண்டித்தேன். கிணற்று மேட்டில் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து எச்.பி. வரிசையில் அவர் பெயரைக் கடைசியில்தான் எழுதினேன். அடுத்த தேர்தலில் ஜெயிக்கத்தான் செய்தார், ஆனால் ஓட்டு வித்தியாசம் குறைந்துவிட்டது. அது தகட்டால் குறைந்ததா, அவர் கட்சியால் குறைந்ததா என்பது எனக்குத் தெரியாது.

எனக்கு மெமோவைவிட வெங்கிடசாமிதான் உறுத்தினார். பட்டறையில் கம்பி தீர்ந்துகொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு பேர் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கணபதி வழியாகப் பஸ்ஸில் போகும்போது எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவரே எங்கள் செக்‌ஷன் ஆபீசுக்கு வந்தார். கையில் டெல்லி முத்திரை போட்ட நீளமான உறை, பிரிக்கவில்லை. வணக்கம்கூடச் சொல்லாமல் என் மேஜைமேல் வைத்தார்.

“இங்கிலீசு எனக்குத் தெரியாதுங்க. படிக்கறதுக்கு ஆளுக இருக்கறாங்க. ஆனா இத நீங்கதான் படிக்கோணும்.”

 பிரித்தேன். எழுத்தெல்லாம் ஒரு முறை கலங்கித் தெளிந்தது. உள்ளூர்ப் பட்டறைகளுக்குக் கம்பி தொடரும் என்று இருந்தது. மோட்டார்களைச் சோதித்து, சோதனையில் வந்த எச்.பி.யைத்தான் தகட்டில் அடிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. படித்துச் சொன்னேன். அவர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்புறம் கீழே இருந்த ஒதுக்கீட்டு அளவைப் படித்தேன். தப்பாகப் படிக்கிறேனோ என்று இன்னொரு தடவை படித்தேன்.

“போன தடவை உங்களுக்கு வந்தத விட இது நெறையா இருக்குதுங்களே” என்றேன்.

“அதெப்படீங்க?”

காரணம் கடிதத்திலேயே இருந்தது. ஒரு மோட்டாருக்கு இவ்வளவு கம்பி என்று அதன் எச்.பி.யைப் பார்த்துத்தான் டெல்லியில் ஒதுக்குவார்கள். இத்தனை வருடமும் வெங்கிடசாமி தகட்டில் இருந்ததையே படிவத்திலும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்று எச்.பி. மோட்டார் இத்தனை என்று எழுதியதால் மூன்றுக்கு உரிய கம்பிதான் வந்தது. சுற்றியதோ ஐந்துக்கு. இப்போது என் இரண்டாவது காகிதத்தில் இருந்த அளந்த கணக்கைப் பார்த்து ஐந்துக்கு உரியதை அனுப்புவதாக எழுதியிருந்தார்கள்.

நான் சொல்லி முடித்ததும் அவர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மாரப்பன் பயந்துபோய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அப்ப கம்பியில்ல கம்பியில்லன்னு நான் ஊரெல்லாம் அலஞ்சனே... இத்தன வருசமா என் தகடேதான் என் கம்பியத் தின்னுட்டு இருந்துச்சுங்களா?”

“ஆமாங்க.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்காட்சிக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

“அன்னிக்கு உங்க கையப் புடிச்சு, வேண்டாம், சொல்லாதீங்கன்னு கெஞ்சுனனே. நீங்க மனசு எளகிக் கேட்டிருந்தீங்கன்னா?”

“மூணுக்கு உண்டான கம்பிதானுங்க வந்திருக்கும்” என்றேன்.

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வேறு வேலைக்குப் போன அந்த இரண்டு பேரையும் சாயங்காலத்துக்குள் திரும்பக் கூட்டி வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்.